மண்ணைக் கேட்ட காது

குடிநீர்க் குழாயில் எங்கே கசிவு என்று தோண்டாமலே கண்டுபிடிப்பதுதான் கம்பிக்காரரின் வேலை. இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றுவார், மறுமுனையைக் காதோடு சேர்ப்பார், கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் யாராவது இருமினால்கூட முறைப்பார். அவர் காட்டிய இடத்தில் தோண்டி ஏமாந்தவர் கிடையாது. பொறுமையின் மறுபெயர் அவர் என்று எங்கள் தெருவே சொல்லும். வீட்டிலும் அதே பொறுமைதான். மனைவி பேசும்போது வாயே திறக்கமாட்டார்.

அந்த அம்மாளுக்குச் சுத்தம் என்றால் உயிர். கழுவிய பாத்திரத்தையே இன்னொரு தரம் கழுவும் ரகம். அப்பேர்ப்பட்ட வீட்டில் பேத்திக்கு ஓயாமல் வயிற்றுப்போக்கு வந்தால் பழி யார் தலையில் விழும்?

"கை கழுவாம ஊட்டினா வேற என்ன ஆகும்? கொஞ்ச நாள் உங்கம்மா வீட்டுல இருந்து சுத்தம்னா என்னன்னு கத்துக்கிட்டு வா. புள்ளை இங்கயே இருக்கட்டும்."

"கழுவிட்டுத்தான் அத்தை ஊட்டறேன். தண்ணிலதான் ஏதோ இருக்கு."

மருமகள் தினமும் இதையே சொன்னாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கே கேட்டது. மகன் செல்போனைப் பார்த்தான். மாமனார் சுவரைப் பார்த்தார்.

குழந்தை மறுபடியும் துவண்டு விழுந்தபோதுதான் அவருக்குச் சுருக்கென்றது. கம்பியோடு தெருமுனையில் ஆரம்பித்தார். என் வாசலில் ஒரு மத்தியானம் முழுக்க நின்றார். என் காலடிச் சத்தத்துக்கு முறைப்பாரே என்று நான் பின்பக்கமாக வீட்டுக்குள் போனேன். தன் வீட்டை மட்டும் தொடவில்லை. அவர் கையாலேயே போட்ட குழாயாயிற்றே, அது உடையுமா?

ஊன்ற வேறு இடம் மிச்சமில்லாமல் போனபிறகு தன் கொல்லைப்புறத்துக்கு வந்தார். சத்தம் அங்கேதான். குழந்தையின் அழுக்குத் துணி அலசிய தண்ணீர் வீட்டுச் சாக்கடையில் போகக்கூடாதென்று மனைவி தனியாக ஒரு குழி வெட்டியிருந்தாள், சரியாகக் குழாய்க்கு மேலே. குழாயில் விரிசல். தண்ணீர் வரும்போது வெளியே கசிந்தது, நின்றதும் குழியின் அழுக்குத் தண்ணீரை உள்ளே உறிஞ்சியது. பேத்தியின் தம்ளருக்கு வந்தது அதுதான். சுத்தம் சோறு போடும் என்பார்கள். இங்கே வயிற்றைக் கலக்கியிருந்தது.

கூடத்தில் மருமகளின் பெட்டி தயாராக இருந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் மனைவியின் பேச்சை வெட்டினார்.

"நிறுத்து. அவமேல தப்பில்ல. உன் குழியும் என் குழாயும்தான் காரணம்."

மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பெட்டியைத் தானே தூக்கி உள்ளே வைத்தாள். அவளிடமிருந்து மன்னிப்பு அந்த உருவத்தில்தான் வரும்.

கம்பிக்காரருக்கு முகமெல்லாம் பெருமை. "பாத்தியாம்மா, கண்டுபிடிச்சிட்டேன்."

மருமகள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"நான் தினமும் சொன்னேனே மாமா. அதைக் கேக்கவும் உங்களுக்கு ஒரு கம்பி வேணுமா?"