ஈயப்பூக் கண்ணாடி

மாயழகு தேயிலைப் பெட்டி அடிப்பவன். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஆலையில் அதுதான் அவன் வேலை. பலகைகளைச் சேர்த்து, ஓரங்களில் தகரப் பட்டி வைத்து ஆணி அறைவான். உள்ளே ஈயத்தாளை விரித்து மூலைகளை மடித்து ஒட்டுவான். அவன் அடைத்த பெட்டிக்குள் ஈரக்காற்று நுழையாது என்று ஆலையை நடத்தும் டீமேக்கர் ஐயாவே ஒருமுறை சொல்லியிருக்கிறார். வேறு எதற்காகவும் யாரும் அவனைப் பாராட்டியதில்லை.

அறுபத்தொன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் அவன் மகள் செங்கமலத்தின் மேல் குப்பி விளக்கு கவிழ்ந்தது. இடக் கன்னமும் தாடையும் கழுத்தும் வெந்துபோயின. பதுளை ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல்நாள், சரோஜினி என்ற யாழ்ப்பாணத்து நர்ஸ் மாயழகையும் அவன் பெண்சாதி இராக்கம்மாவையும் வார்டுக்கு வெளியே கூப்பிட்டாள்.

“பிள்ளை இன்னும் தன்ர முகத்தைப் பார்க்கேல்லை. உடனே கண்ணாடியைக் குடுத்துப்போடாதேங்கோ. முந்தி ஒரு பிள்ளை பார்த்துப்போட்டுச் சாப்பாட்டையே விட்டிட்டுது. மெல்ல மெல்லப் பார்க்க விடுங்கோ.”

“சரிங்க மிஸ்ஸி” என்றார்கள் இருவரும். அந்தப் பிள்ளை பிறகு என்ன ஆனாள் என்று கேட்க இருவருக்கும் வாய் வரவில்லை.

இராக்கம்மா அன்றே பஸ் பிடித்துத் தோட்டத்துக்குத் திரும்பினாள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி, சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடியை எடுத்து ஒளித்து வைக்கச் சொன்னாள். வாயால் சொன்னது மறந்துபோகும் என்று, எல்லாப் பெண்களையும் மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போனாள். எரிகிற கற்பூரத்தை ஒவ்வொருத்தியும் கையால் அடித்து அணைத்தாள். திருவிழா முடிகிறவரைக்கும் செங்கமலத்தின் கண்ணில் கண்ணாடியைக் காட்டுவதில்லை என்று சத்தியம். முன்பு பீலிக் குழாய்த் தண்ணீருக்காக இராக்கம்மாவோடு தலைமுடியைப் பிடித்துக்கொண்ட வீராயிகூட வந்து அணைத்தாள்.

மாயழகு பதுளையில் தங்கினான். அவன் மனதில் நின்றது ‘மெல்ல மெல்ல’ என்ற சொல். கடைத்தெருவில் பலீல் முதலாளியிடம் போய்க் கண்ணாடி கேட்டான்.

“கண்ணாடியா? எந்தக் காலத்துல இரிக்கிறாய் நீ? வெளிநாட்டுச் சாமானெல்லாம் நிப்பாட்டியாச்சு. இரிக்கிற மூஞ்சியோட போ, அது போதும்” என்று சிரித்தார் பலீல். அவன் சிரிக்காததைப் பார்த்து உள்ளே போனார். உடைந்த அலுமாரிக் கண்ணாடியின் துண்டொன்றைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். “கை பத்திரம்” என்றார்.

மகளைக் கூட்டிவந்த பிறகு, வேலை முடிந்த மாலைகளில் மாயழகு அவள் கண்ணில் படாமல் ஆலைப் பக்கமே உட்கார்ந்தான். கழித்துப்போட்ட பெட்டிப் பலகையும் கிழிந்த ஈயத்தாளும் டீமேக்கரிடம் கேட்டு வாங்கியிருந்தான். கோதுமை மாவில் பசை காய்ச்சிக் கண்ணாடியின் முதுகில் பூசினான். ஓரங்களில் தாராளமாக அப்பினான். பலகையில் அழுத்தி, சூடு ஆறுமுன்பே சுற்றிலும் ஈயத்தாளை மடித்து அடைத்தான். பெட்டிக்கு அடைப்பதைப் போலவே, ஊசி நுழைய இடமில்லாமல்.

பிறகு ஈயத்தாளில் பூக்கள் வெட்டினான். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குன்றிமணி. பூக்களை மெல்லிய கம்பியில் கோர்த்து, சிறிதும் பெரிதுமாக வளையங்கள் செய்தான். வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கண்ணாடியின் மேல் பொருத்தியபோது, நடுவில் பொட்டும் புருவமும் தெரியும் அளவுதான் மிஞ்சியது. வாரத்துக்கு ஒரு வளையமாகக் கழற்றிவிட வேண்டும். கடைசி வளையம் போகும்போது அவள் தன் முகத்துக்குப் பழகியிருப்பாள். இதுதான் அவன் கணக்கு.

“நான் லயமெல்லாம் சத்தியம் வாங்கிட்டு வாரேன், நீ வீட்டுக்குள்ளேயே மாட்டுறியா?” என்றாள் இராக்கம்மா.

“பொட்டு மட்டுந்தான் புள்ள தெரியும்.”

“பொட்டு என்ன முதுகிலயா இருக்கு? மூஞ்சியிலதான இருக்கு!”

அதற்குள் செங்கமலம் பார்த்துவிட்டாள். கல்யாண வீட்டுச் சோடனை மாதிரி இருக்கிறது, மூஞ்சிக்குத்தான் இடமில்லை என்று சிரித்தாள். சிரிக்கும்போது தாடை இழுத்தது. அந்தக் கண்ணாடியில் அது தெரியவில்லை. காலையில் அதன் முன் நின்று பொட்டு வைத்துக்கொண்டாள். மற்ற இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நன்றாகச் சாப்பிட்டாள்.

முதல் வளையத்தைக் கழற்றவேண்டிய நாள் வந்தது. அவள் அன்று இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மாயழகு வளையத்தைத் தொடவில்லை. அடுத்த வாரமும் தொடவில்லை. சாப்பிடுகிற பிள்ளையை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

திங்கட்கிழமையிலிருந்து செங்கமலத்தைப் பெரட்டுக்கு வரச்சொல்லிக் கங்காணி சொல்லியனுப்பினார். விடியலில் வேலைக்குப் பெயர் கொடுக்கத் தோட்டத்துச் சனமெல்லாம் கூடும் இடம் அது. ஞாயிறு மதியம், எண்ணெய் கேட்டு வருகிறேன் என்று செங்கமலம் வெளியே போனாள். வீடு வந்த பிறகு பக்கத்து வீடுகளுக்கு அவள் போனது அன்றுதான். போனவள் சீக்கிரமே திரும்பினாள். கையில் எண்ணெய் இல்லை.

“அப்பா, வீராயி அத்தை வீட்டுக் கண்ணாடி எங்க?”

“ஒடஞ்சிருக்கும்.”

“சித்தி வீட்டுது?”

அவன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

“எல்லா வீட்டுலயும் பாத்துட்டேன். ஆணிதான் இருக்கு. புகை புடிச்ச சுவத்துல, ஆணிக்குக் கீழ கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெள்ளையாத் தெரியுது.” அவள் குரல் உயரவில்லை. “லயமே சேந்து மறைக்கிற அளவுக்கா இருக்கு எம்மூஞ்சி?”

“அப்படியெல்லாம் இல்ல தாயீ.”

“நாளைக்கு அம்புட்டுச் சனமும் பாக்கப்போவுது. நான் மட்டும் பாக்காம எப்படிப் போய் நிக்கிறது? முழுசாக் காட்டுங்க. இல்லாட்டி நான் போகல.”

இராக்கம்மா வைத்துக்கொடுத்த சோற்றை அவள் தள்ளி வைத்தாள். தட்டு மண் தரையில் உரசி நகர்ந்தது.

அவன் எழுந்து கண்ணாடியை இறக்கினான். “இந்தா, இப்பவே” என்று முதல் வளையத்தைப் பிடுங்கினான். அதன் அடியில் கண்ணாடி கறுத்திருந்தது. அடுத்ததைப் பிடுங்கினான். பாசி படர்ந்ததுபோல் திட்டுத் திட்டாக ரசம் உரிந்து, பின்னாலிருந்த பலகை தெரிந்தது. புளித்த பசை நாறியது. ஈரம் வெளியே போக அவன் வழியே வைக்கவில்லை. நடுவில் அந்தப் பொட்டளவு இடம்தான் கண்ணாடியாக மிஞ்சியிருந்தது.

செங்கமலம் அதை வாங்கி முகத்தின் முன் மேலும் கீழுமாக நகர்த்தினாள். ஒரு கண் வந்து போனது. மூக்கின் ஓரம். பளபளவென்று சிவந்த ஒரு துண்டுத் தோல். அது கன்னமா கழுத்தா என்று அவளுக்குப் புரியவில்லை. “சேரமாட்டேங்குதுப்பா” என்றாள்.

மாயழகு வெளியே ஓடினான். வீராயி வாசலில் முறம் வைத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“வீராயி, கண்ணாடியக் குடு. புள்ள பாக்கணுங்குது.”

அவள் முறத்தை நிறுத்தவில்லை. “கற்பூரம் அணைச்சிருக்கேண்ணே. எம்புள்ளைங்க நல்லா இருக்க வேணாமா?”

“நான் கேக்குறேனே.”

“நீங்களா சத்தியம் வாங்குனீங்க? உங்க பொண்டாட்டிய வரச் சொல்லுங்க.”

இராக்கம்மா பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். “நான் கேட்டா மட்டும் மாரியாத்தா உடுவாளா?” என்று அழுதாள். “அணைச்சது அணைச்சதுதான். திருவிழா வரைக்கும் அவளப் பொறுக்கச் சொல்லு.”

அவன் அடுத்த வீட்டுக்குப் போனான். அங்கேயும் இல்லை என்றார்கள். ஒருத்தி அவன் முகத்தைப் பார்க்க மாட்டாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஒருத்தி கண்ணாடிக்குப் பதில் ஒரு கிண்ணம் நல்லெண்ணெய் கொடுத்தாள், தழும்புக்குத் தடவச் சொல்லி. யாருமே கெட்ட மனதோடு மறுக்கவில்லை. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

திரும்பியபோது செங்கமலம் வாசற்படியில், வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தாள்.

“அப்ப நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

“என்னத்தச் சொல்றது?”

“மேலேருந்து சொல்லுங்க.”

“நெத்தி அப்படியே இருக்கு.”

“அப்புறம்?”

“கண்ணு ரெண்டும் நல்லாருக்கு.”

“அது எனக்குத் தெரியாதா? அதாலதான உங்களப் பாத்துக்கிட்டு இருக்கேன்.” அவள் இடப் பக்கத்தை அவனுக்கு நேராகத் திருப்பினாள். “இங்க சொல்லுங்க.”

வீட்டுக்குக் கூட்டிவந்த நாளிலிருந்து அவன் அவளுக்கு எப்போதும் வலப் பக்கமாகவே உட்கார்ந்து வந்திருக்கிறான். இப்போதுதான் அந்தப் பக்கத்தை நேராகப் பார்த்தான். வாயைத் திறந்தான். அவள் காத்திருந்தாள்.