அம்மன் பெயரோடு வாழ்ந்த எங்கள் அண்ணன்

அண்ணன் கண்ணை மூடி இன்றோடு ஓராண்டு. அவருடைய ஆத்மா அம்மன் காலடியில் இளைப்பாறட்டும் என்று கும்பிட்டு, அதிகம் படிக்காத தங்கை நான் இதை எழுதுகிறேன்.

ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர் அண்ணன். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் தங்கவில்லை. அம்மா இவரைக் கோயில் வாசலில் கிடத்தி, "இது உன் புள்ள தாயே, நான் வளர்த்து மட்டும் தர்றேன்" என்று சொல்லி, காமாட்சி என்று அம்மன் பெயரையே வைத்தார். தோட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அது சாமி பெயர், அவ்வளவுதான்.

மாத்தளை டவுனுக்கு மூட்டை தூக்க வந்த பிறகுதான் சிரிப்பு. ஏதாவது அலுவலாகப் போன கந்தோரில் பெயரைக் கூப்பிட்டு இவர் எழும்பினால், "நோனா வரல்லியா?" என்று, அந்தப் பொம்பளை எங்கே என்பதுபோல, சிங்களத்தில் கேட்பார்கள். அவர்களுக்குத் தெரியாது, போகட்டும். நம் ஆட்களே, "என்ன காமாட்சியக்கா, சமையல் முடிஞ்சுதா?" என்பார்கள்.

"முடிஞ்சுது, எலையப் போட்டு உட்காரு" என்பார் அண்ணன்.

அப்படிக் கேட்டவர்கள்தான் ஆடி வெள்ளியில் அதே பெயரைச் சொல்லிக் கற்பூரம் கொளுத்தினார்கள். பொம்பளைப் பெயர் அவ்வளவு கேவலமா? நானும் பொம்பளைதான்.

மூத்த மகனின் கல்யாணக் கார்டில் அப்பா பெயர் 'கே. ராஜன்' என்று அச்சாகி வந்தது.

"யாருடா இந்த ராஜன்?"

"பொண்ணு வீட்ல சிரிப்பாங்கப்பா."

"அப்ப அவனையே கூட்டிட்டு வந்து மணவறையில நிறுத்து."

சொன்னாரே தவிர, கல்யாணத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இறந்தபோது வானொலி மரண அறிவித்தலிலும் மகன் அந்தப் பெயரையே கொடுத்தான். அழுதுகொண்டிருந்த நானும் தோட்டத்துக்குச் சொல்லியனுப்பவில்லை. அது என் குற்றம். எட்டாம் நாள் அண்ணனின் சிறுவயதுக் கூட்டாளி ஓடி வந்தார். "ரேடியோவில கேட்டேன் தங்கச்சி. பாவம், யாரோ ராஜன்னு சொல்லிட்டு தேத்தண்ணி குடிச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பேப்பருக்குக் கொடுக்கும் முன் இதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். "போடுங்க அத்தை" என்றான்.

ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர்களுக்கும், கடையை மூடிவிட்டு வந்து பாடை தூக்கிய பக்கத்துக்கடை முஸ்லிம் நானாவுக்கும், சமைத்துக் கொடுத்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தோட்டத்துச் சொந்தங்களே, வாய்க்கரிசி போட வேண்டிய உங்கள் கைகள் வராமலே அண்ணனை அனுப்பிவிட்டோம். உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வாயில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.