பிரிக்காமல் போன ரத்தம்

பந்தலூர் பக்கம் வேலாமணியிடம் ஊசி குத்திக்கொள்ளாத தோட்டத் தொழிலாளி அபூர்வம். இருபத்திரண்டு வருடங்களாக அந்தச் சின்ன லேபில் அவள்தான் ரத்தம் எடுக்கிறாள். ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். வாய்தான் கொஞ்சம் நீளம். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள் ஊசியைவிட அவள் வாய்க்கே பயப்படுவார்கள்.

சேரங்கோட்டில் கொழுந்து பறிக்கும் தெய்வம்மாவின் குதிங்காலில் கறுப்பாக ஏதோ பரவியது. அட்டை கடித்த தழும்பென்று ஒரு வருடம் சுண்ணாம்பு தடவிக்கொண்டு திரிந்தாள். தோல் புற்றுநோய் என்று தெரிந்ததும் கோயம்புத்தூரில் அறுத்தெடுத்தார்கள். பிறகு எல்.டி.எச். என்றொரு ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார்கள். அது ஏறியிருந்தால் நோய் உள்ளே பரவியிருக்கலாம், பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வேலாமணி ரத்தம் எடுத்து, வழக்கம்போல் கோவை பஸ் டிரைவரிடம் கொடுத்து பெரிய லேபுக்கு அனுப்பினாள். அளவு இரண்டு மடங்காக வந்தது. சாகப்போகிறவளுக்கு எதற்கு வைத்தியம் என்று தெய்வம்மா அடுத்த சிகிச்சைக்குப் போக மறுத்துவிட்டாள். பத்து நாள் கழித்து அவள் மகள் ஜீவிதா ரிப்போர்ட்டோடு வந்து அழுதாள்.

ரிப்போர்ட்டில் பொட்டாசியமும் ஏறியிருந்தது. வேலாமணி ரத்தம் எடுத்த தேதியைப் பார்த்தாள். ரத்தம் எடுத்த அன்று கரண்ட் இல்லை. ரத்தத்தைச் சுழற்றித் தெளிந்த நீரைப் பிரிக்கும் மெஷின் ஓடவில்லை. பஸ் கிளம்புகிற அவசரத்தில் பிரிக்காமலேயே கொடுத்துவிட்டிருந்தாள். மலைவளைவுகளில் குலுங்கி ரத்த அணுக்கள் உடைந்தால் எல்.டி.எச்., பொட்டாசியம் இரண்டுமே பொய்யாக ஏறிக் காட்டும்.

வாயை மூடிக்கொண்டு, சந்தேகத்துக்கு இன்னொரு முறை பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. லேபைப் பூட்டிவிட்டு ஜீவிதாவோடு அவர்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்துக்கே போனாள்.

"தப்பு என்னோடதுங்க அக்கா. ரத்தத்தப் பிரிக்காம அனுப்பிப்போட்டேன். இன்னொருக்கா கை குடுங்க."

தெய்வம்மா பத்து நாளாகச் செத்துக்கொண்டிருந்தவள்; நாலு வார்த்தை ஏசியிருந்தாலும் நியாயந்தான். ஆனால் கையை நீட்டினாள்.

இந்த முறை பிரித்த நீரை வேலாமணியே மடியில் வைத்துக் கோவைக்குக் கொண்டுபோனாள். அளவு சரியாக இருந்தது. நோய் போய்விட்டதென்று அர்த்தமில்லை, சிகிச்சைக்குப் போனால் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது, அவ்வளவுதான் என்று தெய்வம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

அடுத்த வாரம் தெய்வம்மா கோவைக்குக் கிளம்பத் துணிப்பையோடு லேபில் வந்து உட்கார்ந்தாள். சிகிச்சைக்கு முன் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டுமாம். போகிற இடத்திலேயே எடுத்துக்கொள்ளலாமே என்றாள் வேலாமணி.

"தப்பு நடந்தா ஊடு தேடி வந்து சொல்ற ஆளு அங்க இருக்காங்களான்னு தெரியாதே, தங்கச்சி. நீங்களே எடுங்க."