வெள்ளிக்கிழமை ரொட்டி முறை

டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில் இருக்கும் ஓஸ்டர்ஹோல்மில் யாருக்காவது வேலை போனால் அவர் இரண்டு இடங்களுக்குப் போவார். முதலாவது வேலைவாய்ப்பு மையம். அங்கே காபியும் ஒரு படிவமும் கிடைக்கும். இரண்டாவது வீபெகே லௌரிட்சனின் சமையலறை. அங்கேயும் காபி உண்டு. படிவத்துக்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி.

"ரொட்டி லிஸ்ட்ல உன் பேரை அடிச்சுட்டாங்களா, இன்னும் இருக்கா?"

வந்தவர் திருதிருவென்று விழிப்பார். வீபெகே விடமாட்டாள். "இருந்தா பொழைச்சே. அடிச்சிருந்தா நாளைக்கே போய்த் திரும்ப எழுதிட்டு வா. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்."

இந்த ஞானம் அவளுக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைத்ததில்லை. வகுப்புக்குப் போகாமலும் இல்லை, போனாள். அந்தக் கூத்துக்கும் வருகிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் அவள் ஒரு ஜன்னல் தொழிற்சாலையில் இருந்தாள். எந்த லாரி எந்த ஊருக்கு, எந்த ஜன்னல் முதலில் ஏற வேண்டும், எது கடைசியில் ஏற வேண்டும் என்று திட்டம் போடுவது அவள் வேலை. கடைசியில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்ற வேண்டும். கேட்க எளிது. நாற்பது ஜன்னலும் ஏழு ஊரும் அவசரக்கார ஓட்டுநர் ஒருவரும் சேரும்போது அது எளிதாக இருக்காது. அவளுடைய ஐம்பத்தேழாம் வயதில், ஒரு டிசம்பர் மாதத்தில், அந்தத் திட்டத்தைக் கணினியே போடும் என்று முடிவாயிற்று. கேக் வெட்டினார்கள், மேசையில் விசேஷங்களுக்கு வைக்கும் குட்டிக் கொடி நட்டார்கள், மேலாளர் நான்கு நிமிடம் பேசினார், ஒரு பூந்தொட்டி கொடுத்தார்கள். வாசல் அட்டை, மின்னஞ்சல், அலமாரிச் சாவி, வண்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் ஒவ்வொரு துறையும் பொறுப்பாகத் திரும்ப வாங்கிக்கொண்டது.

ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை. உணவறைக் குளிர்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கும் ரொட்டிப் பட்டியல். வெள்ளிதோறும் காலை ஒன்பது மணிக்கு, முறை வந்தவர் மற்ற எல்லாருக்கும் சேர்த்து ரொட்டி, வெண்ணெய், சீஸ், ஒரு தட்டு இனிப்புப் பலகாரம் வாங்கி வர வேண்டும். டென்மார்க்கில் ஒருவர் கூட்டத்துக்கு வராமல் இருக்கலாம், மனைவியின் பிறந்தநாளை மறக்கலாம். ரொட்டி முறையை மறந்தால், அவர் ஓய்வுபெறும் நாளின் விருந்திலும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அந்தப் பட்டியல் எந்தத் துறைக்கும் சொந்தமில்லை. அதனால் அதிலிருந்து ஒரு பெயரை நீக்கும் அதிகாரமும் யாருக்கும் இல்லை.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, சரக்கேற்றும் பிரிவின் தோர்பென் போன் செய்தான்.

"வீபெகே, நாளைக்கு உன் முறை. ஞாபகம் இருக்குல்ல?"

பகல் பதினொரு மணிக்கு இரவு உடையோடு சோபாவில் கிடந்த வீபெகே எழுந்து உட்கார்ந்தாள். "தோர்பென், எனக்கு வேலை போய் ஆறு வாரம் ஆச்சு."

நீண்ட மௌனம். ஜட்லாந்துக்காரர்களின் மௌனத்தில் ஒரு சட்டி உருளைக்கிழங்கு வெந்துவிடும்.

"அது தெரியும்," என்றான் கடைசியில். "ஆனா லிஸ்ட்ல உன் பேர் இருக்கே."

"கசகசா போட்டதா, போடாததா?"

"ரெண்டும் கலந்து வாங்கு. போன வாரம் ஒருத்தன் வெறும் வெள்ளை ரொட்டியா வாங்கிட்டு வந்துட்டான். இன்னும் அதைப் பத்தித்தான் பேச்சு."

மறுநாள் அவள் போனாள். கையில் வாசல் அட்டை இல்லை, இரண்டு பெரிய ரொட்டிப் பைகள் இருந்தன. அந்த நாட்டில் வெள்ளிக்கிழமை காலையில் ரொட்டிப் பையோடு வருபவருக்கு எல்லாக் கதவும் திறக்கும். மேலாளர் அவளைப் பார்த்ததும் முகம் சிவந்து, வாயைத் திறந்து, கசகசா ரொட்டி ஒன்றை எடுத்து அந்த வாயை அடைத்துக்கொண்டார். ஒருவர் வாங்கி வந்த ரொட்டியைத் தின்றுகொண்டே, உனக்கு இங்கே என்ன வேலை என்று எப்படிக் கேட்பது? வீபெகே எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து காபி குடித்தாள். யாருக்கு முழங்கால் வலி, யார் வீடு விற்கிறார்கள், கணினி போட்ட திட்டத்தில் எந்த ஜன்னல் எந்த ஊருக்குத் தவறிப் போனது எல்லாம் காதில் விழுந்தன. திரும்பும்போது வண்டியில் உட்கார்ந்து அழுதாள். ஆறு வாரத்தில் அன்றுதான் நாலு பேர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள்.

அதன் பிறகுதான் அந்தப் பயிற்சி வகுப்பு. நடத்தியவன் யெப்பே. இருபத்தொன்பது வயது, வெள்ளைக் காலணி, சட்டைப் பையில் ஐந்து நிறத்தில் பேனா. வேலைவாய்ப்பு மையத்தில் அவளுக்கான ஆலோசகனும் அவனே. வேலை தேடும் பதினான்கு பேரைச் சுற்றி உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு மஞ்சள் தாளைக் கொடுத்தான்.

"உங்களோட பெரிய பலம் எதுவோ அதை எழுதுங்க. கூச்சப்படாதீங்க!"

கூச்சப்படாமல் என்ன செய்வார்கள்? தன்னைத் தானே புகழ்வது அந்த ஊரில் கால்சட்டை போடாமல் கடைத்தெருவுக்குப் போவது மாதிரி. இருபது நிமிடம் கழித்து ஒரு குழாய் வேலைக்காரர் எழுதியிருந்தார்: பெரும்பாலும் நேரத்துக்கு வந்துவிடுவேன். அவ்வளவு பீற்றிக்கொண்டதற்காக அவர் முகம் காது வரை சிவந்திருந்தது. வீபெகேயின் தாள் காலியாக இருந்தது.

"சரி, இப்படி நினைச்சுக்கோங்க," என்றான் யெப்பே. "லிஃப்ட்ல ஏறுறீங்க. உள்ள ஒரு பெரிய முதலாளி. முப்பது நொடிதான் இருக்கு. உங்க கதையைச் சொல்லணும்."

"தம்பி," என்றாள் வீபெகே, "நம்ம ஊர்ல லிஃப்ட் இருக்கறது ஆஸ்பத்திரில மட்டும்தான். அதுல படுத்துட்டு வர்றவங்க கதை கேக்குற நிலைமைல இருக்க மாட்டாங்க."

வகுப்பு சிரித்தது. யெப்பேயும் சிரித்தான், அவன் கெட்டவன் இல்லை. ஆனால் மாதாமாதம் படிவத்தை நிரப்பும்போது மட்டும் அவன் முகம் கோணும்.

"போன மாசம் வேலை தேட என்ன செஞ்சீங்க?"

"எட்டு விண்ணப்பம் போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை ரொட்டி கொண்டு போனேன்."

"ரொட்டிக்குப் படிவத்துல கட்டம் இல்லையே, வீபெகே."

"அது படிவத்தோட குறை."

இப்படியே ஒன்றரை ஆண்டுக்கு மேல் போயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள். வந்த பதில்கள் எல்லாம் ஒரே அச்சு. உதவித்தொகை இரண்டு ஆண்டுதான், அந்த நவம்பர் முடிவோடு நின்றுவிடும். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஆல்போர்கில் இருக்கும் அக்கா டோர்தேயின் வீட்டு நிலவறை அறைக்குப் போக வேண்டியதுதான். டோர்தே ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஓய்வு பள்ளிக்கூடத்தோடு சரி, வாய்க்கு இல்லை.

"உன் ரூமுக்கு நீலத்துல திரைச்சீலை வாங்கிட்டேன்டி," என்றாள் செப்டம்பரில். "காலைல ஆறு மணிக்கு எழுந்துடணும். சேர்ந்து உடற்பயிற்சி பண்ணலாம். உன் முடியையும் ஏதாவது பண்ணணும்."

"இன்னும் ரெண்டு மாசம் இருக்குக்கா."

"பிடிவாதம் பிடிக்காதடி. ஐம்பத்தொன்பது வயசுல யாரு கூப்பிட்டு வேலை குடுக்கப் போறா?"

வீபெகேக்கு நிலவறைகூடப் பரவாயில்லை. ஆறு மணிக்கு டோர்தேயோடு சேர்ந்து கையைக் காலை ஆட்டுவதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

அந்த வாரம் லிஸ்பெத் கூப்பிட்டாள். ஜன்னல் தொழிற்சாலையை விட்டுத் துறைமுகத்துச் சரக்குக் கம்பெனிக்குப் போயிருந்தவள்.

"வெள்ளிக்கிழமை என் ரொட்டி முறைடி. நான் விடியக்காலையிலேயே ஊருக்குக் கிளம்பறேன். மாத்திக்க ஒருத்தரும் சிக்கலை. எனக்காக நீ போறியா?"

"நான் உங்க கம்பெனியே இல்லையே."

"பழைய கம்பெனிலயும்தான் நீ இல்லை. அங்க மட்டும் போகலையா?"

நியாயம். லிஸ்பெத் பட்டியலில் தன் பெயரை அடித்து, பக்கத்தில் வீபெகே என்று எழுதிவிட்டுப் போனாள். வீபெகே ரொட்டியோடு பக்கத்து ஊர் அடுமனையின் இலவங்கப்பட்டைப் பலகாரத்தையும் கொண்டு போனாள். நாற்பது பேர் விரலை நக்கினார்கள். அடுத்த வாரம் புதிய பட்டியல் எழுதியவர் பழையதைப் பார்த்து எழுதினார். லிஸ்பெத்துக்கும் ஒரு முறை, வீபெகேக்கும் ஒரு முறை. அவளைத் தெரியாதவர்கள் அவள் அடுத்த கட்டடத்துக்காரி என்று நினைத்துக்கொண்டார்கள். தெரிந்தவர்கள் பலகாரத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவர் முறையை இன்னொருவர் கேட்டு வாங்குவது அங்கே கேள்விப்படாத பெருந்தன்மை. வீபெகே அதையும் செய்தாள். அக்டோபர் முடிவதற்குள், சம்பளமே வாங்காத இடத்தில் நான்கு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து காபி குடித்துவிட்டாள். எந்த ஓட்டுநர் எந்தப் பாதையைச் சபிக்கிறார், எந்தக் கிடங்கில் மதியத்துக்கு மேல் சரக்கு இறக்க ஆள் இருக்காது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்தக் கம்பெனியின் தலைவர் ஹென்னிங். மலை மாதிரி ஆள், கூச்சமும் அந்த அளவுக்கு. பெயர்கள் அவர் மண்டையில் நிற்பதில்லை. 'நீங்க யாரு' என்று ஒருவரிடம் கேட்பதைவிட அவர் கடலில் குதித்துவிடுவார்.

நவம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, புயல். காற்றுக்குக் கடல் பாலத்தை மூடிவிட்டார்கள். பதினொரு லாரிகள் சரக்கோடு முற்றத்தில் நிற்கின்றன. திட்டம் போடும் ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஹென்னிங் உணவறைக்கு வந்தார். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த வீபெகே கண்ணில் பட்டாள். பட்டியலில் பெயர் இருக்கிற ஆள்தானே.

"உங்களுக்கு... லாரித் திட்டம் ஏதாவது தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்," என்றாள் வீபெகே.

ஜட்லாந்தில் யாராவது கொஞ்சம் தெரியும் என்றால் எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட வேண்டும். ஹென்னிங் கொடுத்தார். காலை ஒன்பதரையிலிருந்து மாலை நான்கரை வரை அவள் எழுந்திருக்கவில்லை. மூன்று லாரிகளைப் பிரித்து மறுபடி ஏற்றவைத்தாள், காற்று கொஞ்சம் தணிந்ததும் இரண்டைக் கப்பலில் அனுப்பினாள், ஒரு ஓட்டுநரை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொன்னாள். ஒன்று மட்டும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. வண்டியில் ஏறும்போது முதுகு வலித்தது. இரண்டு ஆண்டுகளில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் திக்கென்றது. உதவித்தொகை வாங்குகிறவள் ஏழு மணி நேரம் வேலை பார்த்திருக்கிறாள். சொல்லாமல் விட்டால் ஏமாற்று. சொன்னால் என்ன ஆகுமோ? டோர்தேயின் திரைச்சீலை கண்முன் ஆடியது. இருந்தாலும் திங்கட்கிழமை காலை யெப்பேயிடம் போய்ச் சொல்லிவிட்டாள். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அந்த மஞ்சள் தாளிலேயே ஏதாவது எழுதியிருப்பாளே.

யெப்பே பேனாவைக் கீழே வைத்தான். "ஒப்பந்தம் இருக்கா?"

"இல்லை."

"சம்பளம்?"

"இல்லை."

"அப்ப உங்களை யாரு உள்ள விட்டாங்க?"

"ரொட்டி கொண்டு போனேன்."

யெப்பே போனைக் கையில் எடுத்தான். "நான் அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணித்தான் ஆகணும், வீபெகே."

போன் செய்தான். ஹென்னிங்கோ அதே நேரத்தில், வெள்ளிக்கிழமை காப்பாற்றியவளுக்கு ஒரு பாட்டில் ஒயின் கொடுத்தனுப்பச் சொல்லி, அலுவலகத்தில் அவள் முகவரியைத் தேடிக்கொண்டிருந்தார். அப்படி ஒருத்தி இங்கே வேலையே பார்க்கவில்லை என்று அலுவலகம் சத்தியம் செய்துகொண்டிருந்தது. மதியம் வீபெகேயைக் கூப்பிட்டார்கள். ஹென்னிங் மேசைமேல் ரொட்டிப் பட்டியலை விரித்து வைத்திருந்தார்.

"நீங்க இங்க வேலை பாக்கலையா?"

"இல்லை."

"ரெண்டு மாசமா வர்றீங்களே?"

"என் முறை வந்துச்சு. வந்தேன்."

ஹென்னிங் பட்டியலை மடித்து வைத்தார். "எங்க லாரித் திட்டம் போடுற ஆளு ஜனவரியில ஓய்வு வாங்குறாரு. வெள்ளிக்கிழமை நேரத்துக்கும் சேர்த்துச் சம்பளம் போட்டுடறேன். டிசம்பர் ஒண்ணாம் தேதி வர முடியுமா?"

"முடியும்னு நினைக்கிறேன்," என்றாள் வீபெகே, மனதுக்குள் துள்ளிக் குதித்துக்கொண்டே. உதவித்தொகைக்கு இன்னும் பதிமூன்று நாள் பாக்கி இருந்தது. யெப்பே படிவத்தின் ஓரத்தில் கையாலேயே ஒரு கட்டம் வரைந்து, அதில் 'ரொட்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

வேலையில் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை அவள் முறை. வழக்கம்போல் ஐந்தரைக்கே எழுந்து, அடுமனையில் வாங்கி, இரண்டு பைகளோடு உணவறைக்குள் நுழைந்தாள். அங்கே ஏற்கெனவே ரொட்டி இருந்தது. பட்டியலில் அவள் பெயர்மேல் ஒரு கோடு.

"யாரு அடிச்சது?" என்றாள்.

"நான்தான்," என்றாள் லிஸ்பெத் தலையைக் குனிந்துகொண்டு. "புதுசா சேர்ந்தவங்களுக்கு மூணு மாசம் முறை கிடையாது. தகுதிகாண் காலம்டி. இங்க அதுதான் வழக்கம்."

வேலை இல்லாத இரண்டு ஆண்டுகளில் எந்தப் பட்டியலிலிருந்தும் யாரும் அவள் பெயரை அடிக்கவில்லை. வேலை கிடைத்த ஐந்தாம் நாள் அடித்துவிட்டார்கள். ஹென்னிங் அவள் கையிலிருந்த பைகளை வாங்கி மேசையில் வைத்தார்.

"உக்காருங்க, வீபெகே," என்றார். அவள் பெயர் அவருக்கு ஞாபகம் இருந்தது.

உட்கார்ந்தாள். யாரோ காபி ஊற்றினார்கள், யாரோ ரொட்டியை அறுத்து வெண்ணெய் தடவி அவள் தட்டில் வைத்தார்கள். கசகசா இல்லாத வெறும் வெள்ளை ரொட்டி. ருசியே இல்லை. அவள் ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் தின்றாள். பிறகு முற்றத்துக்குப் போய் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"திரைச்சீலையைக் கடையில திருப்பிக் குடுத்துடுக்கா," என்றாள். "மார்ச் மாசத்துல என் முறை வருது."