மாமா சொல்லாத பெயர்

இரும்புப் பட்டை எலும்பின் மேல் விழும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சங்ககிரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் வேலை பார்த்த காலம். எதிரே, ஊரே பாய் என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் லாரிப் பட்டறை. பட்டப்பகலில் அதன் வாசலில்தான் என் மாமாவை அடித்தார்கள்.

மாமா அவருடைய கட்சியின் கிளைச் செயலாளர். அன்று காலை அம்மன் ஊர்வலம் பள்ளிவாசலைத் தாண்டும்போது ஒரு கல் விழுந்தது. எறிந்தவரை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் மதியத்துக்குள் பாயின் மகன் பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. அவனோ லாரியோடு வெளியூர் போயிருந்தான்.

முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு ஒரு கூட்டம் வந்தது. பட்டறைக்குள் பாயும் அவர் மனைவியும் இருந்தார்கள். மாமா ஓடிப்போய் ஷட்டரை இறக்கிவிட்டு அதன் முன்னால் நின்றார்.

"நகருங்க தலைவரே. நீங்க நம்ம ஆளா, அவிய ஆளா?" என்றான் முன்னால் நின்றவன்.

"என்னையத் தாண்டித்தான்டா உள்ள போகோணும்."

அவன் அடித்த முதல் அடியில் மாமாவின் முழங்கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அடுத்தது காதில். விழுந்தவரை மிதித்தார்கள். அதற்குள் பாயும் மனைவியும் பின்சுவர் ஏறித் தப்பிவிட்டார்கள். பட்டறை எரிந்தது.

ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "ஆள் அடையாளம் தெரியலைங்க" என்றார் மாமா. அது பொய் என்பது அத்தைக்கும் எனக்கும் தெரியும்; துண்டு கட்டியிருந்தாலும் கடையிலிருந்தே அவன் குரலை அடையாளம் கண்டு அத்தையிடம் சொல்லியிருந்தேன். அடித்தவனைக் கட்சியில் சேர்த்து, பெண் பார்த்துக் கட்டிவைத்ததே மாமாதான். பாயும் நம்பவில்லை. "அடி வாங்குனது எனக்காக. வாய மூடுனது கட்சிக்காக" என்று சொல்லிவிட்டு ஓமலூருக்குக் குடிபோனார். நான் கேட்டபோது மாமா சொன்னார்: "கட்சி எம்பட ஊடு, சாமி. ஊட்டு ஆளை நானே எப்படிப் புடிச்சுக் குடுக்கறது?"

அந்தக் கை கடைசிவரை மடங்கவில்லை. போன தை மாதம் மாமா இறந்தார். அடித்தவன் இப்போது கவுன்சிலர். உடல்மேல் கட்சிக்கொடியைப் போர்த்த அவனே வந்தான். அத்தை எழுந்து அவன் கன்னத்தில் அறைந்தாள்.

"கைய ஒடிச்ச நீயே போத்தி உடறதுக்கா அவரு வாய மூடிக்கிட்டுக் கெடந்தாரு?"

அவனுடைய ஆட்கள் தள்ளியதில் அத்தை பிணத்தின் மேலேயே விழுந்தாள். நெற்றி கிழிந்து, மாமாவின் வெள்ளை வேட்டியில் ரத்தம் பரவியது. சாவுக்கு வந்திருந்த பாய்தான் அவளைத் தூக்கி நிறுத்தினார்.

காரியம் முடிந்ததும் அத்தையும் பாயும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். அத்தை அந்தப் பெயரைச் சொன்னாள். எழுதாமல் நிமிர்ந்து பார்த்த புது இன்ஸ்பெக்டர், "பழைய கேசும்மா. அடிபட்டவரே இப்ப இல்லியே" என்றார்.

தையல் போட்ட நெற்றியோடு அத்தை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நான் இருக்கறனுங்க. எழுதுங்க."