நான் தேர்ந்தெடுத்த லினக்ஸ்

மேல் வீட்டுப் பெண் ஐ.டி.யில் வேலை பார்ப்பவர். என் கணினியில் இருந்த சிஸ்டம் காலாவதியானதும், இலவச சிஸ்டமான லினக்ஸைப் போட்டுத் தருகிறேன் என்று வந்தார்.

"ஈஸியானது போடவா அங்கிள், இல்ல எல்லாத்தையும் நீங்களே செட் பண்ணிக்கிற மாதிரியா?"

ஈஸியானதையே போடச் சொன்னேன். எங்கள் பாரிவாக்கம் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வந்து திரும்புவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கணினிப் பெட்டியைத் திறந்து தூசி தட்டியபோது சூடேறிய புழுதியின் வாசனை வந்தது.

முன்பு நான் வேலை பார்த்த ஆவடித் தொழிற்சாலையில், எங்கள் பிரிவில் நாள் முழுக்க அந்த வாசனைதான். ஆறு கணினிகள். காசில்லாத லினக்ஸுக்கு மாறும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. மேசையில் இரண்டு வகை லினக்ஸ் சிடிகள். ஒன்று போட்டதும் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும். மற்றதில் ஒவ்வொன்றையும் நாமே கட்டளை தட்டி அமைக்க வேண்டும். சக ஊழியன் கதிரேசன் முதலாவது போதும் என்றான். நான் இரண்டாவதற்கு ஆதரவாக நாலு பக்கம் குறிப்பு எழுதினேன். 'இயந்திரத்தை அறியாத ஊழியர் அதற்கு அடிமை' என்று அதில் ஒரு வாக்கியம். அதைப் படித்துத்தான் அதிகாரி கையெழுத்திட்டார் என்று வெகுநாள் நம்பினேன். அன்று அவருக்கு அவசரமாகப் பூந்தமல்லி போக வேண்டியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

கதிரேசன் அம்பத்தூர்க்காரன். "நீ ஆபீஸுக்கு எடுக்கல மாமே. உனுக்கு எடுத்துகினே," என்றான்.

உண்மைதான். எவருக்கு எது நின்றாலும் என்னிடம்தான் வர வேண்டும். வந்தவர்களைக் கொஞ்சம் நிற்கவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

அப்போதுதான் அமுதா வந்தார். கோவில்பட்டிப் பக்கம். எங்கள் தொழிற்சாலையில் லேத் ஓட்டிய கணவர் இறந்ததால், கருணை அடிப்படையில் தட்டச்சர் வேலை. தேர்வில் தேறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் கேன்டீனுக்கு மாற்றிவிடுவார்கள். தேர்வாளர் நான்.

கடிதத்தைப் பிழையில்லாமல் அடித்தார். அதைப் பிளாப்பி டிஸ்கில் சேமித்துத் தர வேண்டும். ஈஸியான சிஸ்டத்தில் பிளாப்பியைச் செருகினாலே திரையில் வந்து நிற்கும். என்னுடையதில் ஒரு வரி தட்டினால்தான் கணினி அதைக் கண்ணெடுத்துப் பார்க்கும். அந்த வரியை அவருக்கு ஒரே ஒரு முறை, வேகமாகச் சொல்லியிருந்தேன்.

"சார், உள்ள போட்டேன்ல. அது எங்க போச்சுன்னே தெரியலயே."

தேர்வாளர் பேசக்கூடாது என்பது விதி. கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் முடிந்ததும் 'தேறவில்லை' என்று எழுதினேன்.

விதியில் ஒரு துணைப்பிரிவும் உண்டு. கருவி காரணமாகத் தவறினால் மறுதேர்வு கேட்கலாம், ஒரு மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லியிருந்தால், என் நாலு பக்கமும் தவறு என்று நானே எழுதிக் கொடுத்ததாகியிருக்கும். மாதம் முடியும்வரை வாய் திறக்கவில்லை.

பிறகு கேன்டீனில் அவர்தான் டம்ளரை நீட்டுவார். "சார், டீ," என்பார். இரண்டு வருஷத்தில் எல்லாப் பிரிவுக்கும் ஈஸியானதே போதும் என்று ஒரு பக்க உத்தரவு வந்தது. ஆறு கணினிகளையும் ஒரே மத்தியானத்தில் மாற்றினார்கள். அந்தக் கோப்பிலும் என் கையெழுத்து இருக்கிறது.

அமுதா இருந்த குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்துவிட்டார்கள். நெமிலிச்சேரிக்குப் போனதாக ஒருவர் சொன்னார், மாங்காடு என்றார் இன்னொருவர். கதிரேசனுக்குத் தெரிந்திருக்கும். அவனிடம் கேட்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. போன வருஷம் அவன் இறந்துவிட்டான்.