மந்திரிக்காகக் கழற்றிய கதவுகள்

வாசகசாலைப் பலகை நண்பர்களே, இன்று தாராவியிலிருந்து திரும்பியதும் இதை எழுதி ஒட்டுகிறேன்.

செல்லம்மாள் என்ற தமிழ்ப் பெண் குடியிருக்கும் சந்துக்கு மாநில நகரமைப்பு மந்திரி வந்தார். அங்கே திறந்த சாக்கடை மழைக்காலத்தில் பொங்கி வீடுகளுக்குள் வந்துவிடும். அதைக் காட்டி மூடிய வடிகால் கேட்பதற்காக, மராத்தி தெரிந்த என்னையும் அழைத்திருந்தார்கள்.

போய்ப் பார்த்தால் சாக்கடையையே காணோம். வீட்டுக் கதவுகளைக் கழற்றி அதன்மேல் பரப்பி, கோலமும் போட்டிருந்தார்கள்.

"என்னம்மா இது?" என்றேன்.

"நம்மளத் தேடி வாற மனுசன நாத்தத்துலயா நிப்பாட்டுறது? நீங்க ஒண்ணு, ஐயா!" என்றாள் செல்லம்மாள்.

மந்திரி கதவுகள்மேல் நடந்து வந்து மாலையை வாங்கிக்கொண்டார். "சுத்தமாக இருக்கிறதே! மோசமான சந்துகளை முதலில் கவனிப்போம்" என்று மராத்தியில் சொன்னார்.

காலுக்கடியில் இருப்பதைச் சொல்ல வாயெடுத்தேன். வார்த்தைகளை மனத்துக்குள் ஒழுங்குபடுத்துவதற்குள் கார் போய்விட்டது.

"என்ன சொன்னாக?" என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"சந்து சுத்தமாக இருக்கிறதாம்."

"பாத்தீகளா!" என்றாள் செல்லம்மாள். அந்த முகத்தைப் பார்த்து மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருக்கிறது. மீதியை நாளை யாராவது போய்ச் சொல்லியாக வேண்டும். துணிந்தவர்கள் கீழே பெயர் எழுதுங்கள்.